ஒட்டுக்கேட்பவனுக்கும் ஒரு வணக்கம்

அம்மாவிடம் போனில் பேசும்போது, ஒட்டுக்கேட்கிறவனுக்கும் சேர்த்து வணக்கம் சொன்னதுண்டா நீங்கள்? மொன்றியலில், சென்ட் லோரன்ட் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அன்ரன் அண்ணை சொல்கிறார். பஸ் வரும்வரை குளிருக்கு ஒதுங்கிய நான் வாயைப் பிளந்து பார்க்கிறேன்.

போன் கார்டைச் சுரண்டி, இலங்கையில் மன்னாரில் இருக்கும் அம்மாவுக்கு அடிக்கிறார்.

"அம்மா, சுகமோ? கேட்டுக்கொண்டிருக்கிற ஐயாவுக்கும் வணக்கம்."

நக்கல் இல்லை, பவ்யமாகத்தான் சொல்கிறார். அப்புறம் மழை, ஆடு, கோயில் திருநாள் என்று பேசிவிட்டு வைக்கிறார்.

"என்ரை தம்பியை ஆமிக்காரர் ஊரைச் சுத்திவளைச்சுப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். விட்டிட்டாங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"அப்ப கேட்க வேண்டியதுதானே? ஆட்டை எதுக்குண்ணே விசாரிக்கிறீங்க? இது கனடா!"

"நான்தான் கனடாவிலை. அம்மா அங்கையெல்லோ இருக்கிறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மகன் வீடு திரும்பினானா என்று தாயிடம் கேட்க எவனுடைய அனுமதி வேண்டும்? ஒட்டுக்கேட்டவன் ஓசியில் ஆட்டுக்கதை கேட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கக்கூட வழியில்லை. அவனுக்கு முகமே கிடையாது.

என் பஸ் போய்விட்டது. அண்ணை மறுபடி அம்மாவுக்கு அடிக்க அடுத்த கார்டைச் சுரண்டுகிறார். இந்த முறை மன்னாருக்கு லைன் கிடைக்கவில்லை.