குப்பத்து ரேடியோவைக் கட்டிய பாடு

ரேடியோ ரிப்பேர் செய்கிறவன் தப்புச் செய்தால் அது பேசாது, அவ்வளவுதான். பார்சல் கட்டுகிறவன் தப்புச் செய்தால் வழி முழுக்கக் கலகலவென்று ஊருக்கே சொல்லிக்கொண்டு போகும்.

நான் கட்டுகிறவன். எஸ்.எஸ்.எல்.சி. தேறவில்லை. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் கரீம் பாய் ரேடியோ கடையில் சேர்ந்துவிட்டேன். பாய் உள்ளே ரிப்பேர் பார்ப்பார். வாசலில் வைக்கோல், சணல் கயிறு, காலித் தேயிலைப் பெட்டி, நான். கண்ணாடி, பீங்கான், முட்டை என்று எதையாவது கட்டி அனுப்பிப் பிழைக்கிற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்குச் சொல்லியும் புரியாது.

இதெல்லாம் ஒரே ஒரு ரேடியோவைப் பற்றியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். போன வருஷம் ஐப்பசியில், விடியும்போது சும்மா கிடந்த கடல் மத்தியானத்துக்குள் புரண்டு எழுந்ததில் இரண்டு கட்டுமரம் திரும்பவில்லை. புயல் வருகிறது என்று சென்னை ரேடியோவில் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். குப்பத்தில் கேட்க ஒரு ரேடியோ இல்லை. அதற்கப்புறம் எல்லா வீடும் சேர்ந்து வாங்கிய பேட்டரி செட் இது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கன்னியப்பனுக்கு. அவருடைய மகன் ஏழுமலையும் மரம் ஏறிக் கடலுக்குப் போகிறவன்தான். செட் பேசாத நாளில் அவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் மரத்தைத் தள்ள வேண்டும்.

அம்மிக்கல்லும் முட்டையும்

முதல் தடவை அது வந்தது சின்னக் கோளாறுக்கு. குரல் கரகரவென்று இருந்ததாம். கன்னியப்பன் ஒரு மரப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் போட்டுவிட்டு, தானும் கூடவே வந்தார். பெட்டியைத் திறந்தால் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே பேட்டரி. செங்கல் கனம். திருக்கழுக்குன்றம் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் அது எழும்பி எழும்பி ரேடியோவை இடித்திருக்கிறது. இரண்டு வால்வு கண்ணாடித் தூளாகிவிட்டது. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து தொங்கியது. ஜலதோஷத்துக்கு வந்த ஆள் ஆஸ்பத்திரி வாசலில் லாரியில் அடிபட்ட மாதிரி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அம்மிக்கல்லையும் முட்டையையும் உங்கள் வீட்டில் ஒரே கூடையில்தான் வைப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. உடைந்த கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தனியா வுட்டா பேட்டரிய எவனாச்சும் தூக்கிகினு பூடுவான்னு பயம், தம்பி. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ண ஒண்ணு பாத்துக்கும்னு நெனச்சேன்."

ஏழு சுற்று வலை

சரிசெய்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினோம். மழைக்காலம் நெருங்கும்போது மறுபடி வந்தது. இந்த முறை எதுவும் உடையவில்லை. பழைய நூல் வலையில் ஏழு சுற்றுச் சுற்றி, மேலே முடிச்சு. வைக்கோலைவிட மெத்தென்று இருந்தது. பரவாயில்லையே, ஒருத்தராவது கற்றுக்கொண்டார் என்று எனக்குச் சந்தோஷம். பிரிக்கிற வரைக்கும்தான்.

வருஷக்கணக்காகக் கடலைக் குடித்த வலை அது. எத்தனை காய்ந்தாலும் உப்பு போகாது. கொஞ்சம் ஈரக்காற்று பட்டால் கசியும். பஸ்ஸுக்காக மட்டும் சுற்றியதில்லை, வீட்டிலும் கேட்டு முடித்தவுடன் அதிலேயே சுற்றித்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தூளி கட்டுவதும் அந்த வலையில்தானாம், ரேடியோவுக்கு மட்டும் ஆகாதா என்று கன்னியப்பன் கேட்டார். உள்ளே கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு, திருகாணிகள் உதிர்ந்தன. மாற்றுச் சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும். ஐப்பசியோ வந்துவிட்டது. பாய் செட்டை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"போட்டு உடைச்சவன்கூடப் பரவால்லடா. இவங்க ஆசையா வச்சே கொன்னுட்டாங்க."

மடியில் வைத்த பெட்டி

சாமான் வந்து, பாய் செட்டை உயிர்ப்பித்ததும், நான் என் பிறவியிலேயே அப்படிக் கட்டினதில்லை என்கிற மாதிரிக் கட்டினேன். வால்வுகளுக்கு நடுவே பஞ்சு. தேயிலைப் பெட்டியில் ஒரு ஜாண் வைக்கோல், அதன்மேல் செட், எந்தப் பலகையும் அதைத் தொடாதபடி நாலு பக்கமும் வைக்கோல். பேட்டரிக்குத் தனிப் பெட்டி. பஸ் கிளீனர் ரேடியோப் பெட்டியைக் கூரையில் பக்கவாட்டில் படுக்கவைத்து மேலே பூசணிக்காய் மூட்டையை ஏற்றப் பார்த்தான். பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் வரை நானே போனேன். அதுக்கும் அரை டிக்கெட் போடட்டுமா என்று கண்டக்டர் கேட்டான். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

அங்கே கன்னியப்பனும் ஏழுமலையும் மூங்கில் கழியோடு காத்திருந்தார்கள். போனதும் பிரியுங்கள், பஞ்சை எடுங்கள், பேட்டரியை மாட்டுங்கள், குமிழைத் திருகுங்கள் என்று சொன்னேன். பெட்டியைக் கழியில் மாட்டி ஆளுக்கொரு பக்கம் தோளில் வைத்தார்கள். ஏழுமலை மூடி இடுக்கில் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "எங் கண்ணாலத்துக்குக்கூட இம்மாம் பஞ்சு வெச்சு மெத்த போடல, மச்சான்."

வெள்ளிக்கிழமை

அது செவ்வாய்க்கிழமை. புதன் சாயங்காலம் எங்கள் கடை ரேடியோவிலேயே சொன்னார்கள்: புயல் வருகிறது, மீனவர்கள் கடலுக்குள் போக வேண்டாம். அந்நேரம் நான் வேறொரு பார்சலுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். குப்பத்திலும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் கேட்கவில்லை. புது மரமானாலும் புது வலையானாலும் கன்னியம்மன் முன்னால் வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டாமல் அந்தக் குப்பத்தில் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். இரண்டு தரம் செத்துப் பிழைத்த ரேடியோவுக்கும் அதே முறைதான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கே பிரிக்கலாம் என்று கன்னியப்பன் சொல்லிப் பார்த்திருக்கிறார். கடல்தான் சும்மா கிடக்கிறதே, இன்னும் மூன்று நாள்தானே என்று பதில். வியாழன் விடியலில் மரங்கள் போயின. எல்லாம் திரும்பின. ஏழுமலையுடையது மட்டும் திரும்பவில்லை.

புயல் ஓய்ந்து பஸ் மறுபடி ஓட ஆரம்பித்ததும் பாய் என்னை அனுப்பினார். பெட்டி கோயிலுக்குள் நனையாமல் இருந்தது. மஞ்சள் பூசி, மேலே பூச்சரம். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பிரித்துவிடு என்றார் கன்னியப்பன். பிரித்தேன். பஞ்சை எடுத்து, பேட்டரியை மாட்டித் திருகினேன். கொஞ்சம் சூடேறி, சென்னையிலிருந்து நாதஸ்வரம் தெளிவாகக் கேட்டது. ஏழுமலையின் பெண்டாட்டி கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாதஸ்வரம் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. கன்னியப்பன் செட்டைச் சுற்றி நாலு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல, தம்பி. நல்லாத்தான் கட்டிகீற."

கடைக்குத் திரும்பி, சேதம் எதுவும் இல்லை என்று பாயிடம் சொன்னேன். எங்கள் தொழிலில் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.