போடிமெட்டு ஏற்றத்துக்கு ஒரு பித்தளை வால்வு

அப்பா இறந்த பிறகு போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டம் எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதியாக வந்தது. பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது: நடுவில் ஓடும் ஓடைக்கு அந்தப்புறம் எனக்கு, இந்தப்புறம் அண்ணனுக்கு. நடப்பில் முழுத் தோட்டமும் அண்ணன் கையில்தான் இருந்தது. எந்தப் பாத்திக்கு எப்போது உரம், யாரைப் பறிப்புக்குக் கூப்பிடுவது, எல்லாம் அவர் முடிவு. நான் கேட்டால், "நீ எதுக்கு ஆத்தா மலை ஏறி அலையிற? கீழ நிம்மதியா இரு" என்பார்.

எனக்குக் கீழே நிம்மதி இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவோடு அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவள் நான். என் கணவர் ராசிங்காபுரத்தில் கணக்கு வாத்தியார். மலை வளைவு அவருக்கு ஆகாது. மலையடிவாரத்து முந்தல் தாண்டினாலே வாந்தி வந்துவிடும். அதனால் எங்கள் பழைய டர்போ டீசல் காரை மலைக்கு ஓட்டுவது எப்போதும் நான்தான். அந்தக் கார்தான் என்னைக் கைவிட்டது.

பறிப்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, பின்னால் உர மூட்டைகளும் தோட்ட வேலைக்கு வரும் இரண்டு பெண்களுமாக ஏறிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். லாரி நகர்ந்தது, என் கார் நகரவில்லை. ஃபர்ஸ்ட் கியரில் முழுசாக மிதித்தும் முனகியது, குலுங்கியது, அணைந்தது. கிளட்ச் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. பின்னால் வரிசையாக ஹாரன். அந்த வரிசையில் அண்ணனின் ஜீப்பும் இருந்தது.

இறங்கி வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டைகளைத் தன் ஜீப்புக்கு மாற்றச் சொன்னார். பெண்களையும் ஏறச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"இந்த நோஞ்சான் வண்டிய வித்துப்புடு ஆத்தா. மேல உள்ள சோலிய நான் பாத்துக்கிறேன். உனக்கு வேண்டியதக் குடுத்துவிடுறேன்."

ஒரு பெண் ஜீப்பில் ஏறிவிட்டாள். இன்னொருத்தி ஏறவில்லை. "நான் அக்கா கூட வர்றேன்ணே. ஒத்தையில எப்படி விட்டுட்டு வர்றது?" என்று என் பக்கத்தில் நின்றுகொண்டாள். மூட்டை இறங்கிய பிறகு கார் கிளம்பியது. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

மறுநாள் தேவாரம் சாலையில் இருக்கும் எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் காற்றாடி. அழுத்தம் ஓர் அளவைத் தொட்டதும் ஒரு சின்ன டப்பி அதை உணர்ந்து, பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து, மிச்சப் புகையைக் காற்றாடிக்குப் போகாமல் வெளியே விட்டுவிடும். மெக்கானிக் தற்காலிகமாக ஓர் அழுத்த மீட்டரை மாட்டி ஓட்டிப் பார்த்தார். முள் ஒன்று என்ற எண்ணைத் தொட வேண்டும் என்று கார்ப் புத்தகம் சொல்கிறது. என் காரில் அரையைக்கூடத் தாண்டவில்லை.

"டர்போ நல்லாத்தான் இருக்குக்கா. டப்பிக்குள்ள ஸ்பிரிங்கு தளந்து போச்சு. கதவு வெரசாத் தொறந்துக்குது. இது தனியாக் கிடைக்காது. டர்போவையே மாத்தணும்."

இடுக்கிப் பக்கம் ஜீப்புகளைப் பிரித்து மேய்கிறவர்கள் நிறையப் பேர் வீடியோ போடுகிறார்கள். தோட்டத்தில் பழகிய மலையாளம் எனக்குப் போதும். ராத்திரிச் சோறு ஆனதும் அவற்றைத்தான் பார்த்தேன். அதில் ஒருவர் விரல் நீளப் பித்தளை வால்வு ஒன்றைக் காட்டினார். பூஸ்ட் கண்ட்ரோலர் என்று பெயர். உள்ளே ஒரு குண்டு, ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு திருகு. டப்பிக்குப் போகும் சின்ன ஹோஸின் நடுவில் இதை வைத்தால், அழுத்தத்தின் செய்தி டப்பிக்குப் போய்ச் சேருவது தாமதமாகும். கதவு பொறுத்துத் திறக்கும். திருகை உள்ளே முறுக்க முறுக்கப் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், கூடும்.

வாங்கிக்கொண்டு போய்க் காட்டியதும் மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரேஸ் விடுற பயலுக மாட்டுறதுக்கா இது. கூடப்போச்சுன்னா ஹெட் கேஸ்கெட் போயிரும். நான் கை வைக்க மாட்டேன்."

"சரிண்ணே, நான் வைக்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் பானட்டைத் தூக்கினேன். முதலில் வால்வோடு வாங்கிய மீட்டரை மாட்டினேன்; அது இல்லாமல் திருகைத் தொடக்கூடாது என்று அந்த மலையாளத்துக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். பிறகு ஹோஸை வெட்டி வால்வைச் செருகி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினேன். கணவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று, "சார், நீங்க செய்யாம அவங்கள விட்டுட்டு நிக்கிறீங்க?" என்றார். "எனக்குத் தெரியாதுங்க. அவளுக்குத் தெரியும்" என்றார் இவர். அதைவிட நல்ல வார்த்தையை அவர் எனக்குச் சொன்னதாக நினைவில்லை.

திருகை முழுக்கத் தளர்த்தி வைத்துத் தொடங்கினேன். முந்தலுக்கு மேல் ஏறுவேன், முள்ளைப் பார்ப்பேன், ஓரமாக நிறுத்தி அரைத் திருகு முறுக்குவேன், மறுபடி ஏறுவேன். முக்கால் வந்தது. இன்னும் அரைத் திருகில் ஒன்று வந்தது. கார் வேறு காராகிவிட்டது. செகண்டில் திணறிய ஏற்றத்தைத் தேர்டில் ஏறியது. ஆசையில் இன்னொரு அரைத் திருகு வைத்தேன். அடுத்த ஏற்றத்தில் டமார் என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெரிய காற்றுக் குழாய் கழன்றிருந்தது. அதன் கிளிப் காரின் வயதுடையது. புது அழுத்தம் தாங்கவில்லை.

இறங்கி வந்த பஸ்சிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. டிரைவர் வேகத்தைக் குறைத்து, "டயரா தாயி?" என்றார். "இல்லண்ணே, ஹோஸு" என்றேன். சூடு ஆறியதும் கொண்டுவந்திருந்த புதுக் கிளிப்பைப் போட்டு முறுக்கினேன். கடைசி அரைத் திருகைத் திரும்ப எடுத்தேன். முள் ஒன்றில் நின்றது. லாக் நட்டை இறுக்கினேன்.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் மத்தியில் அண்ணன் ஆரம்பித்தார்.

"எந்தங்கச்சி எஞ்சினியர் ஆயிட்டா. ஒரு நாள் எஞ்சின் வெடிச்சுப் பள்ளத்துல கெடக்கப் போறா. அப்பவும் நாந்தான் போய்த் தூக்கணும்."

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"வெடிச்சா எஞ்சினப் பிரிச்சு மாட்டிக்கிறேண்ணே. பறிப்பு அன்னிக்கு நான் மேல வர்றேன். ஓடைக்கு அந்தப்புறம் என் பங்கு. அத இனி நாந்தான் பறிப்பேன்."

"ஆளுக்கு எங்க போவ?"

"அதையும் நான் பாத்துக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ ரசம் கேட்டார்கள். பந்தி நடந்தது.

பறிப்புக்கு முந்தின நாளே அண்ணன் பெண்களிடம் சொல்லிவிட்டார்: என் காரில் ஏறுகிறவர்களுக்கு அவர் தோட்டத்தில் வேலை கிடையாது. விடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், அன்று வழியில் என்னோடு நின்ற பெண் தூக்குவாளியோடு காத்திருந்தாள். கூடவே அவளுடைய நாத்தனாரும் இன்னும் இரண்டு பேரும்.

"உனக்கு வேல போயிருமேடி" என்றேன்.

"போனா உங்ககிட்ட இருக்குல்லக்கா. ஏறட்டுமா, வேண்டாமா?"

நாங்கள் ஐந்து பேரும் சாக்குகளோடு ஏறினோம். சாரல் போட்டது. போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, நேரான ஒரு துண்டில், அண்ணனின் ஜீப் மெதுவாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே வெகுதூரத்துக்கு வண்டி இல்லை. ஹாரன் அடித்தேன். வழி விடவில்லை. மறுபடி அடித்தேன். அண்ணனோடு இருந்த டிரைவர் கையைக் காட்டி ஒதுங்கினார். தேர்டில் மிதித்தேன். முள் ஒன்றைத் தொட்டது. கார் ஜீப்பைத் தாண்டிப் போயிற்று. பின்சீட்டிலிருந்து குலவைச் சத்தம். அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் குறைத்துச் சொல்வதில்லை.

அண்ணன் வந்தபோது நாங்கள் ஓடைக்கு அந்தப்புறம் பறித்துக்கொண்டிருந்தோம். அவர் ஓடைக்கரையில் நின்றார்.

"பொம்பள இப்படியா வண்டி ஓட்டுறது? பாக்கிறவன் என்ன சொல்லுவான்?"

"வழி விட்டீங்கண்ணே, வந்துட்டேன். பாக்கிறவன் சொல்றதப் பாக்கிறவன்கிட்டயே கேட்டுக்கங்க."

செடிகளுக்கிடையே இருந்த நான்கு பெண்களும் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அண்ணன் திரும்பிப் போய்விட்டார்.

அந்தப் பருவம் முழுக்க என் பங்கை நான் பறித்தேன். அடுத்த கோடையில் நிலத்தை அளந்து, ஓடையோரமாகக் கல் ஊன்றினோம். கல் ஊன்றும்போது அண்ணன் வந்தார். ஒரு கல்லைத் தானே பிடித்து நேராக நிறுத்தினார். அது சமாதானமா, கல் தன் பக்கம் சாயாமல் பார்த்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நாங்கள் இப்போதும் பேசிக்கொள்கிறோம். என்ன உரம் வைப்பது என்று மட்டும் நான் அவரிடம் கேட்பதில்லை.