செலஸ்ரீனாவின் பழைய சிம்

கடைக்காரர் ஒரு போனைத் தூக்கிப் பிடித்து, "இது எந்த நாட்டுச் சிம்மையும் ஏற்கும்" என்று சத்தியம் செய்தால், நீங்கள் அந்தச் சத்தியத்தை நம்பிப் பணம் கொடுப்பீர்களா, சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுப்பீர்களா?

செலஸ்ரீனா போட்டுப் பார்ப்பார். அதற்கென்றே அவருடைய கைப்பையில் ஒரு தகர டப்பா கிடக்கிறது. இருமல் மிட்டாய் வந்த டப்பா. அதற்குள் இலங்கைச் சிம் ஒன்று, அதைப் போன்களின் பெரிய வாய்க்கும் சின்ன வாய்க்கும் பொருத்துகிற பிளாஸ்ரிக் சட்டங்கள் இரண்டு, ஒரு சட்டை ஊசி. அந்தச் சிம்மை யாரோ கொழும்பு விமான நிலையத்தில் வாங்கிப் பாவித்துவிட்டு இங்கே எறிந்தார்கள். அதில் அழைப்பு எடுக்க முடியாது. ஆனால் ஒரே கம்பனியின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு போனில் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் கமராவின் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் செலஸ்ரீனா ஊசியால் குத்திச் சிம் தட்டை வெளியே எடுத்து, சிம்மை வைத்து, உள்ளே தள்ளியிருப்பார். "வாய் ஆயிரம் சொல்லும். ஸ்கிரீன் என்ன சொல்லுதெண்டு பாப்பம்" என்பார்.

பலேர்மோ நகரத்தின் பல்லரோச் சந்தையைச் சுற்றியுள்ள போன் கடைகளில் அவரைத் தெரியாதவர் இல்லை. வயது நாற்பத்தொன்பது. மன்னாரில் பிறந்து வன்னியில் வாழ்ந்து, போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து இத்தாலிக்கு வந்தவர். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பதினொரு மணிவரை நான்கு மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறார். மதியம் இரண்டு மணிக்குக் கால்சாப் பகுதியில் எண்பத்தெட்டு வயது இத்தாலிய மூதாட்டி ஒருவரை, அவர் சொல்லும் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்ளப் போகிறார். அவருடைய பெயர் இத்தாலியரிடமும் உண்டு. ஆகவே பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கப் போன இடத்தில் யாரும் எழுத்துக் கூட்டச் சொல்லவில்லை. கூடப் போன அருளம்பலத்தின் பெயரில் பாதி இன்றுவரை அவருடைய பெர்மெசோவில் இல்லை. "மிச்சப் பாதிக்கு வேறை ஆள் வந்து வரிசையிலை நிக்கவேணும்" என்று செலஸ்ரீனா அவரைச் சீண்டுவார்.

இந்த ஊசியும் டப்பாவும் செல்வராசாவால் வந்தவை. செல்வராசா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் வேலை செய்பவர். தகப்பனின் செத்தவீட்டுக்காகக் கிளிநொச்சிக்குப் போகும்போது, ஊரிலும் இங்கேயும் பாவிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு நல்ல போனை வாங்கிக்கொண்டு போனார். அங்கே சிம்மைப் போட்டதும் அது இரகசிய எண் கேட்டது. இரகசிய எண் இத்தாலியக் கம்பனியின் கையில். ஆறு நாள், பிள்ளைத்தாச்சியாகப் பலேர்மோவில் தனியே இருந்த மனைவியுடன் அவரால் கதைக்க முடியவில்லை. திரும்பி வந்து கேட்டபோது, கடைக்காரர் கம்பனியைக் கேள் என்றார். கம்பனி கடைக்காரரைக் கேள் என்றது.

பொருளை விற்றுவிட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வதை வேறு எந்தத் தொழிலில் பொறுத்துக்கொள்வோம்? வீட்டை விற்றவன் கதவைத் திறக்க வரமாட்டேன் என்றால் பொலிசுக்குப் போவோம். போன் என்றால் மட்டும், நமக்குத்தான் விளங்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வருகிறோம். மொழி தெரியாதவனின் கூச்சத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. செலஸ்ரீனாவுக்குக் கூச்சம் இல்லை. "சப்பாத்து வாங்கேக்கை காலை விட்டுப் பாக்கிறம். இதுக்குள்ளை சிம்மை விட்டுப் பாத்தா என்ன குறைஞ்சுபோடும்?" என்று கேட்பார். அதையே இத்தாலிய மொழியில் கேட்கும்போது குரல் இன்னும் ஒரு படி உயரும். இதுவரை முப்பது பேருக்கு மேல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் போன் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஊரில் போய் ஏமாறவில்லை.

அவருடன் போகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அவர் ராகு காலத்தில்தான் போவார். கடைக்குப் போக அவருக்கு ஒழிகிற நாள் புதன், அதிலும் கழுவலுக்கும் சிஞ்ஞோராவுக்குக் குளிசை கொடுக்கும் நேரத்துக்கும் நடுவில் கிடைப்பது நண்பகல்தான். தவிர, அந்த நேரம் தமிழர் ஒருவரும் கடைப்பக்கம் வரமாட்டார்கள், ஆறுதலாகச் சோதிக்கலாம் என்பதையும் அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நல்ல நேரம் பார்த்து வாங்கியவர்களின் கதை அவருக்குத் தெரியும். ஒருவர் புதுப் போனைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, அதன் நெற்றி நடுவில் சந்தனப் பொட்டும் வைத்தார். பொட்டு விழுந்த இடம் கமராக் கண். ஒரு கிழமையாக, எடுக்கிற படத்திலெல்லாம் தங்கச்சியின் முகம் மங்கலாக விழுகிறது, கண்ணூறு பட்டுவிட்டது என்று சொல்லித் திரிந்தார். செலஸ்ரீனா சீலைத் தலைப்பில் எச்சில் தொட்டுக் கண்ணூறைத் துடைத்துவிட்டார்.

இவ்வளவு தெரிந்தவரின் சொந்தப் போன்கள் இரண்டையும் பார்த்தால் சிரிப்பு வரும். ஒன்று, சிஞ்ஞோராவின் மகன் கழித்துக் கொடுத்த, மூலை உடைந்த இத்தாலியப் போன். மற்றது, பொத்தான் வைத்த பழைய சின்னப் போன். அது எப்போதும் அவர் சீலைக்கு மேலே போடுகிற மேற்சட்டையின் பையில் இருக்கும். இலங்கைச் சிம் ஒன்று ரோமிங்கில் அதற்குள் கிடக்கும். இங்கு வந்த நாலு வருடத்தில் அந்தப் போனில் அவர் கதைத்ததை யாரும் கண்டதில்லை. மாதாமாதம் மன்னாரில் உள்ள ஒன்றுவிட்ட தங்கை மாக்கிரட் அந்த எண்ணுக்குக் காசு போட்டு உயிரோடு வைத்திருக்கிறார்.

2009 மே மாதம், வட்டுவாகல் பாலத்தடியில், பெயர் பதிந்துவிட்டு விடுவோம் என்று சீருடைக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இருபத்துநாலு வயதுத் தம்பி ஜெயரூபன் தயங்கினான். போய்ப் பதிந்துவிட்டு வா என்று கையைப் பிடித்துக்கொண்டுபோய் விட்டவர் செலஸ்ரீனா. அவன் திரும்பி வரவில்லை. அந்தச் சின்னப் போனில் இருப்பது, அதற்குப் பிறகு அகதி முகாமுக்குள் வைத்து வாங்கிய சிம். அந்த எண்ணைத்தான் தம்பியைத் தேடிக் கொடுத்த பதினொரு மனுக்களிலும் எழுதியிருக்கிறார். யார் எங்கிருந்து தேடினாலும் அவரை எட்டக்கூடிய ஒரே எண். சிம்மைத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த பெண் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே கெட்டுப்போனால் அதே எண்ணில் இன்னொரு சிம் கிடைக்காது.

போன சித்திரையில் அந்தப் போன் படி கழுவுகிற வாளிக்குள் விழுந்தது. அரிசிக்குள் புதைத்து மூன்று நாள் காத்திருந்தார். நாலாம் நாள் உயிர் வந்தது. ஆனால் பற்றரி வீங்கிவிட்டது. பின்மூடி மூடாமல் ரப்பர் பட்டி போட்டுக் கட்டிவைத்தார். நாளுக்கு நாலைந்து தரம் தானாக அணையும். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, போன் எரிகிறதா என்று பார்ப்பார். புதுப் போன் வாங்கவேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்குள்தான் சிக்கல் இருந்தது. பழைய சிம் அளவில் பெரியது. புதுப் போன்களின் வாய் சின்னது. வெட்டித்தான் போடவேண்டும். வெட்டு நடுவில் உள்ள பொன்னிறச் சில்லில் பட்டால், அந்த எண்ணும் போய்விடும். மற்றவர்களின் சிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக் கொடுக்கும் கை இதற்கு மட்டும் நீளவில்லை.

2015 ஆனியில் ஒரு புதன்கிழமை, நாகபூசணி அவரைக் கூட்டிக்கொண்டு சல்வோவின் போன் கடைக்குப் போனார். நாகபூசணி யாழ்ப்பாணத்துக்காரி. இருவரும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருப்பவர்கள். நாகபூசணி ஆவணியில் ஊருக்குப் போகிறார், இரண்டு இடத்துக்கும் சரிவரும் போன் வேண்டும். மணி பன்னிரண்டரை. சல்வோ செலஸ்ரீனாவைக் கண்டதும், தொத்தொரேசா, டாக்டரம்மா, வந்துவிட்டார், நோயாளிகளை எடுத்து வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டிகளை இறக்கினார். முதல் போனுக்குள் டப்பாச் சிம் போனது. இரகசிய எண் கேட்டது. சல்வோவின் காது சிவந்தது. தன்னையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று மொத்த வியாபாரியைத் திட்டினார். செலஸ்ரீனா பெட்டியை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டாவது போன் ஒன்றும் கேட்கவில்லை. தவிர, அதற்கு இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்றில் இத்தாலி, ஒன்றில் இலங்கை. நாகபூசணி அதை வாங்கிவிட்டார். செலஸ்ரீனா மட்டும் அந்த இரண்டு வாய்களையும் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டைப் பையில் இருந்த போன் அந்த நேரம் பார்த்து அணைந்தது. அதை எடுத்து மேசையில் வைத்து, ரப்பர் பட்டியைக் கழற்றினார். இதே போன் இன்னொன்று எடு, வெட்டுகிற கருவியையும் தா என்று சல்வோவிடம் கேட்டார்.

"உமக்கென்ன விசரோ? ராகு காலத்திலை போய் அதை வெட்டப்போறீரோ? ஒண்டரை மட்டும் பொறும்" என்றார் நாகபூசணி.

"ஒரு மணிக்கு இவன் கடையைப் பூட்டுறான் பூசணி. பிறகு ராகு வந்து திறந்துவிடுவாரோ?"

நாகபூசணி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி கோல் எடுப்பானெண்டு இன்னும் நினைக்கிறீரோ?" என்று கேட்டார். ஆறு வருடமாக யாரும் அவரிடம் நேராகக் கேட்காத கேள்வி.

செலஸ்ரீனா புதுப் போனுக்குள் டப்பாச் சிம்மை விட்டுச் சோதித்துக்கொண்டே பதில் சொன்னார். "தென்கிழக்கிலை இருக்கிறான் எண்டு சாத்திரி சொன்னான். நான் நம்பேல்லை. கடவுளிட்டை விடு எண்டு சேர்ச்சிலை சுவாமி சொன்னவர். அதுவும் ஏலாது. பதினொரு மனுவிலை இந்த நம்பரை என்ரை கையாலை எழுதிக் குடுத்தனான். வாங்கினவன் கையெழுத்து வைச்சுத்தான் வாங்கினவன். மறுமொழி சொல்லவேண்டியது அவன்ரை வேலை. எடுக்கவேண்டியது என்ரை வேலை. என்ரை பக்கத்திலை பிழை வரக்கூடாது."

இதைக் கேட்டு உருக ஒன்றும் இல்லை. பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் இப்படித்தான் பேசுவார்.

கருவி தாள் குத்தும் இயந்திரத்தைப் போல இருந்தது. சல்வோ தான் வெட்டித் தருவதாகக் கை நீட்டினார். செலஸ்ரீனா கொடுக்கவில்லை. சிம்மைச் சீலையில் துடைத்து, பள்ளத்தில் வைத்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, மயிரிழை இடப்பக்கம் நகர்த்தி, மறுபடியும் பார்த்தார். நாகபூசணி தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார். டக் என்று ஒரு சத்தம். மேசையில் வெள்ளைப் பிளாஸ்ரிக் சட்டம் ஒன்று தனியே விழுந்தது.

அதையும் தன்னுடைய இத்தாலியச் சிம்மையும் புதுப் போனுக்குள் போட்டதும் திரையில் இத்தாலியச் சிம்முக்கு மட்டும் கோடுகள் நின்றன. மற்ற இடத்தில் தேடுகிறது, தேடுகிறது என்றே காட்டியது. சல்வோ இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வந்து மேசையில் முழங்கையை ஊன்றினார். ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடத்தில் ஒரு கோடு வந்தது. பிறகு மூன்று.

செலஸ்ரீனா கடையின் போனைக் காட்டி, எண்ணைச் சொல்லி, அடி என்றார். வெளிநாட்டு எண் என்று சல்வோ ஒரு கணம் யோசித்தார். யார் கூப்பிடுவதற்கான எண் இது என்று கேட்டார். என் தம்பி, என்றார் செலஸ்ரீனா. சல்வோ எண்களை அழுத்தினார்.

மணி அடித்தது. செலஸ்ரீனா அதை எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அது தானாக ஓயும்வரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாகபூசணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காணும், விடும். காது அடைக்குது" என்றார்.

செலஸ்ரீனாவுக்குப் போதவில்லை. போனின் காசை மேசையில் வைத்து, இன்னொரு தரம் அடிக்கும்படி சல்வோவிடம் சொல்லிவிட்டு, பாதிக் கதவுக்குக் கீழாகக் குனிந்து வெளியேறி, தெருவைக் கடந்து, பல்லரோவின் மீன் கடைகளுக்கு நடுவில் போய் நின்றார். சூறை மீன் வெட்டுகிறவர்கள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு மேலாக அவருடைய நெஞ்சடியில் மணி அடித்தது. கத்தியோடு நின்ற ஒருவர் தன் போனைத் தடவிப் பார்த்தார். செலஸ்ரீனா சிரித்தார். டப்பாவைத் திறந்து சட்டை ஊசியை எடுத்தார். இனி எந்த வாளிக்குள்ளும் விழாதபடி போன் உள்ளே இருக்கச் சட்டைப் பையின் வாயைக் குத்திக்கொண்டு, சிஞ்ஞோராவின் குளிசைக்கு நேரமாகிறது என்று கால்சாப் பக்கம் நடந்தார்.

இதைப் படிக்கிற நீங்கள், மனுக்கள் அடுக்கிவைத்த அந்த அலுவலகங்களில் ஏதாவதொன்றில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் என்றால், அந்த மேசையின் லாச்சியைத் திறவுங்கள். ஜெயரூபன் என்ற பெயரில் கோப்பு இருக்கும். அங்கே இருப்பவர் ஒருவரைத் தெரிந்தவர் என்றால், அவரை எழுப்பித் திறக்கச் சொல்லுங்கள். முதல் பக்கத்தின் வலது மூலையில் ஒரு பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில் எண் இருக்கிறது. அது வேலை செய்கிறது. அடியுங்கள்.