ஒரு கீறல் விழாமல் ஐந்து பூங்கா

எங்கள் நீஃபை ஊரில் நெட்ரா ஜோர்கன்சனின் பள்ளிப் பேருந்தில் ஏறாதவர் யாராவது இருந்தால் அவர் வெளியூரிலிருந்து குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் அந்த மஞ்சள் வண்டியை ஓட்டினாள். பனி கொட்டும் சனவரியிலும் லீவு போட்டதில்லை. இன்று வங்கியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவனைக் காதைப் பிடித்துக் கடைசி இருக்கையிலிருந்து முன்னுக்கு இழுத்து வந்தவள் அவள். எழுபத்து நான்கு வயதிலும் அந்தக் குரல் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத் தெரியாதா!

இந்த வசந்தத்தில் அவள் தன் வேனைப் பின்னால் எடுக்கும்போது யாரோ ஒருவர் வீட்டு வாசல் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டாள். பெட்டி ஏற்கெனவே சாய்ந்துதான் இருந்தது என்பது அவள் கட்சி. அவளுடைய மகன் லைல் அதைக் கேட்கத் தயாராக இல்லை. ஊரிலேயே பம்பு செட் பழுது பார்ப்பவன், நல்லவன்தான், ஆனால் அம்மாவைப் போலவே பிடிவாதக்காரன். ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில், நான் இருக்கும்போதே, பேச்சை எடுத்தான்.

"அம்மா, சாவிய என்கிட்ட குடுத்துடு. எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு தபால் பெட்டிக்கா?"

"இன்னிக்குப் பெட்டி. நாளைக்கு யாராவது ஒரு புள்ள."

நெட்ரா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு சிராய்ப்புகூட வரவிடாதவளிடம் போய் அப்படிச் சொல்லலாமா? எனக்கே கோபம் வந்தது.

"சரிடா, ஒரு பந்தயம்" என்றாள். "நம்ம மாநிலத்துப் பாலைவனத் தேசியப் பூங்கா அஞ்சையும் சுத்திட்டு வரேன். சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ். ஸ்டியரிங்க வேற யாரும் தொடக்கூடாது. வண்டியில ஒரு கீறல் விழுந்தா திரும்பி வந்த அன்னைக்கே சாவி உன் கையில. விழலன்னா சாகுற வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காத."

"யாரு சாட்சி?"

"லரூ வருவா."

என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு வண்டியைத் தொடாதவள் நான், மலைப் பாதை என்றால் கண்ணை மூடிக்கொள்பவள். ஆனாலும் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் கிளம்பினோம். தினமும் காலையில் வேனைச் சுற்றி வருவாள். டயரைக் காலால் உதைப்பாள், விளக்கு ஒவ்வொன்றையும் எரியவிட்டு என்னைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்வாள். பெட்ரோல் நிலையத்தில் நிற்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் அதைச் சட்டை செய்ததே இல்லை.

சயானில் பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டி விடமாட்டார்கள், பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சிவப்புப் பாறை வானம் வரை நிற்கிறது, எல்லோரும் கழுத்தை வளைத்து மேலே பார்க்கிறார்கள். இவள் மட்டும் ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"திருப்பத்துல பிரேக் போடுறான் பாரு. திருப்பத்துக்கு முன்னாடி போடணும்டா ராஜா."

"சும்மா வாடி, மானத்த வாங்காத" என்றேன்.

இறங்கும்போது அதை அவனிடமே சொல்லிவிட்டாள். அவனுக்கு அறுபது வயதிருக்கும், முறைத்தான். "நீங்களும் ஓட்டுனவங்களோ?"

"ஸ்கூல் பஸ். முப்பத்தோரு வருஷம்."

மனிதன் இருக்கையிலிருந்து எழுந்து தொப்பியைக் கழற்றினான். "அறுபது புள்ளைங்கள முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டா? என்னால ஆகாதும்மா." அன்று மாலை முழுக்க அவள் முகத்தில் ஒரு பெருமை. பாறையைப் பார்த்து வந்த பெருமை இல்லை அது.

பிரைஸில் காலைக் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றோம். பிறகு வந்தது பன்னிரண்டாம் எண் சாலை. ஒரு இடத்தில் அது மலையின் முதுகு மேலேயே ஓடுகிறது, இரண்டு பக்கமும் அதல பாதாளம், தடுப்புச் சுவர் என்று பேருக்குக்கூட இல்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தேன்.

"கண்ண மூடிக்கிட்டா பள்ளம் எந்திரிச்சுப் போயிடுமாடி?" என்றாள்.

எதிரே வீடு மாதிரி ஒரு சுற்றுலா வண்டி நடுச் சாலையில் வந்தது. நெட்ரா ஹாரன் அடிக்கவில்லை, பதறவில்லை. வேகத்தைக் குறைத்து ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரத்தை வைத்து அப்படியே கொண்டுபோனாள். ஒரு சாண் இடைவெளியில் அது எங்களைக் கடந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. லைல் இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன்.

கேபிடல் ரீஃபில் பழைய குடியேறிகள் வைத்த தோட்டத்தில் ஆப்பிள் பறித்துத் தின்றோம். மூன்று பூங்கா முடிந்தது, வண்டியில் தூசிதான், கீறல் இல்லை. "பாதிக்கு மேல ஜெயிச்சாச்சு" என்று அவள் சொன்னபோது நானும் கை தட்டினேன்.

நான்காம் நாள் சாம்பல் நிற மண் மேடுகளைத் தாண்டி கிரீன் ரிவர் ஊருக்கு வந்தோம். அது முலாம்பழத்துக்குப் பேர் போன ஊர், பருவமும் அதுதான். தோட்டத்திலேயே போய் வாங்கலாம் என்று நான்தான் நச்சரித்தேன். ஊருக்கு வெளியே ஒரு சின்னச் சாலை. வழியில் இருப்புப்பாதை, கதவு கிடையாது, பெருக்கல் குறி போட்ட பலகை மட்டும். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ரயில் எங்கேயும் இல்லை.

நெட்ரா வண்டியை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்து, கணீரென்று சொன்னாள்:

"பசங்களா, சத்தம் போடாதீங்க."

பள்ளிப் பேருந்து என்றால் எங்கள் பக்கம் அது சட்டம். தண்டவாளம் வந்தால் ரயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கடக்க வேண்டும். அவள் நிறுத்தும்போது அறுபது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் இருப்பார்கள். ஆனால் இது பேருந்து இல்லை. பின்னால் இருந்தவை எங்கள் இரண்டு பெட்டியும் ஒரு கூடை ஆப்பிளும்தான். "நெட்ரா" என்று கூப்பிட வாய் திறந்தேன், அதற்குள் பின்னாலிருந்து டமாரென்று ஓர் இடி.

மேலே சைக்கிள் கட்டிய கார் ஒன்று எங்கள் பம்பரில் முட்டி நின்றது. ஐம்பது வயது ஆள் ஒருவர் கத்திக்கொண்டே இறங்கினார். "ரயிலே இல்லாத எடத்துல எதுக்கும்மா நின்னீங்க?"

"நீ எதுக்குய்யா என் முதுகு மேலேயே வந்த?" என்று நான் பாய்ந்தேன். நெட்ரா இறங்கி வந்து பம்பரைத் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

வந்த போலீஸ்காரர் அளந்து பார்த்து எழுதினார். "இடைவெளி விடாம வந்தது அவர் தப்பு. உங்க மேல ஒண்ணும் இல்லம்மா" என்று ஒரு தாளைக் கொடுத்தார். அதை நான் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பம்பரைக் கயிற்றால் கட்டினோம். "வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

"அஞ்சு பூங்கான்னு சொன்னேன். மூணுதான் ஆயிருக்கு."

கேன்யன்லேண்ட்ஸுக்கும் ஓட்டினாள், ஆர்ச்சஸுக்கும் ஓட்டினாள். வழியெல்லாம் தண்டவாளத்துப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவளுக்குத் தான் சொன்னது நினைவிருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. ஆர்ச்சஸில் ஒரு பெரிய கல் வளைவுக்குக் கீழே வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, "முடிச்சாச்சு லரூ" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டு வாசலில் லைல் காத்திருந்தான். பம்பரைப் பார்த்து முகம் மாறினான். நான் தாளை நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தான். பாவம், தோற்றவன் முகத்தில் எவ்வளவு நிம்மதி!

"உன் தப்பே இல்லம்மா. இது கணக்குல வராது. நீ ஜெயிச்சுட்ட, சாவிய நீயே வச்சுக்கோ."

அவள் சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். சாவி அவள் கையில்தான் இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"லரூ, தண்டவாளத்துக்கிட்ட நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

சாட்சி என்று கூட்டிப்போனவள் நான். ஆனாலும் நாற்பது வருட சிநேகிதியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றேன்.

"அப்ப நாளைக்கே போய் காத டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். பிறகு மகனைப் பார்த்தாள். "புள்ளைங்கள சத்தம் போடாதீங்கன்னு சொன்னேன்டா. வண்டி நிறைய புள்ளைங்க இருக்குன்னு நெனச்சு சொன்னேன். ஒரு நிமிஷம் நெசமாவே இருந்தாங்க. அந்த ஆள் வந்து இடிக்கலன்னா எப்ப தெளிஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல."

லைல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் அவனுடைய கையை இழுத்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். என் கண்ணீர் நிற்கவே இல்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அழாதடா. ஞாயித்துக்கிழம எட்டு மணிக்கு சர்ச்சுக்குப் போகணும், வந்து நில்லு. எட்டு ஒண்ணுக்கு வந்தா நான் இருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை லைல் எட்டு மணி நாலு நிமிடத்துக்கு வந்தான். என் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் அதற்குள் நடந்தே இரண்டு தெரு தாண்டியிருந்தாள். அவன் காரை நடை வேகத்தில் அவள் பக்கத்தில் உருட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு சர்ச் வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போனானாம். அவள் ஏறவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஏழு ஐம்பதுக்கே அவன் வண்டி அவள் வாசலில் நின்றது.