மடுவத்தில் மாட்டிய காளான் படம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி காளான் குழம்புக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு புத்தகத்தைத் திட்டினேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த வாரம் உங்களிடம் கொட்டுகிறேன்.

கொஸ்லந்த பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கடந்த மழைக்கு அங்கே ஒரு குடும்பமே காட்டுக் காளான் சாப்பிட்டு, வாந்தியும் பேதியுமாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தது. உடனே மாதா கோயில் கமிட்டி கூடியது. எது நல்ல காளான், எது விஷக் காளான் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் வாங்குவதென்று முடிவு.

நல்ல முடிவுதான். ஆனால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை கமிட்டித் தலைவர் அந்தோனியின் கையில் விழுந்தது. எனக்கு அவர் பழைய சிநேகிதர், தங்கமான மனுசர். ஆனால் கடைக்குள் நுழைந்துவிட்டால் அவர் கண்ணுக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரியும்.

பதுளை பஜாரில் ஒரு புத்தகக் கடை. துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் இரண்டைத்தான் எடுத்துப் போட்டார். இரண்டுமே இங்கிலீஷ். தமிழில் கேட்டோம்... கொட்டகை போட்டுக் காளான் வளர்த்து விற்பது எப்படி என்று ஒன்று இருந்தது. காட்டில் முளைப்பதை அடையாளம் காட்ட ஒன்றுமில்லை. மலைநாட்டுத் தமிழன் காட்டுப் பக்கமே போவதில்லை என்று புத்தகம் போடுகிறவர்களிடம் யார் சொன்னது?

ஒன்று மெலிசான புத்தகம். இந்தத் தீவில் முளைக்கிற காளான்கள் மட்டும். பேனாவில் வரைந்த படங்கள். குடையைத் திருப்பி அடிப்பக்கம், நடுவே வெட்டி உள்பக்கம், தண்டைத் தோண்டி அடிக்கிழங்கு, பக்கத்திலேயே அதைப் போல இருக்கும் இன்னொன்று. பக்கத்துக்குப் பக்கம் 'நிச்சயமில்லை, சாப்பிடாதே' என்ற எச்சரிக்கை.

மற்றது வெளிநாட்டுக்காரர் போட்ட தடிப் புத்தகம். வழுவழு தாள், கலர் போட்டோ. சாப்பிடலாம் என்றால் முள்ளுக்கரண்டி அடையாளம், விஷம் என்றால் மண்டையோடு.

மெல்லியதை எடுப்போம் என்றேன். அந்தோனி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழுதான வாழைப்பழத்தை வைப்பதுபோல் கீழே வைத்தார்.

"இதுல கலரே இல்லீங்களே. வாங்குறதுதான் வாங்குறோம், நாலு பேரு பார்த்தா பார்வையா இருக்க வேணாமா?"

காளான் புத்தகமா வாங்குகிறோம், கலண்டரா? கேட்டேன். அவர் ஏற்கனவே தடிப் புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டார்.

அதோடு விட்டாரா? மண்டையோட்டுப் பக்கத்தைக் கலரில் பிரதி எடுத்து, லேமினேட் செய்து, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் மாட்டிவிட்டார். தலைப்பு தமிழில், பெரிய எழுத்தில் — 'விஷக் காளான்கள்'. சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்தது, ஊதா நிறத்தில் ஒன்று... அவர் போட்டிருக்கிற எதுவும் இந்த மலையில் என் கண்ணில் பட்டதில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்து அந்தோனியோடு அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் புஷ்பம். கொழுந்து பறிப்பவள். பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. காளானை அவள் காளான் என்றே சொல்ல மாட்டாள், 'இடிக்குப் பொறந்தது' என்பாள். எனக்கு அந்தப் பேச்சுக்காகவே அங்கே போகப் பிடிக்கும். கொழும்பில் வேலை செய்யும் அவள் மகள் லீவில் வந்திருந்தாள். அந்தப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதால் காளான் குழம்பு. நாங்கள் உள்ளே நுழையும்போது மகளின் தட்டில் சோறு போட்டாகிவிட்டது. சட்டியை இறக்கி, கரண்டியும் கையுமாகப் புஷ்பம்.

எங்கே பறித்தாய் என்று கேட்டேன்.

"கிரவுண்டு ஓரத்துலங்க. மடுவத்துப் படத்த நல்லாப் பார்த்துட்டுத்தான் பறிச்சேன். அதுல இது இல்ல. வெள்ளப்பூண்டும் போட்டேன், கறுக்கல."

புரிகிறதா, என்ன நடந்ததென்று? படத்தில் இருப்பது விஷம். ஆகவே, படத்தில் இல்லாதது விருந்து. புஷ்பத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படித்தானே மாட்டி வைத்திருக்கிறார்கள்! பூண்டு கறுக்காவிட்டால் நல்லது என்பதும் அதே ரகம்தான். அது பூண்டைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லாது.

அந்தோனி பதறவில்லை. ஓடிப்போய்த் தடிப் புத்தகத்தைத் தூக்கி வந்து, ஒரு வெள்ளைக் காளானைக் காட்டினார். முள்ளுக்கரண்டி போட்டிருந்தது. அச்சு அசல் இதுதான் என்றார். கீழே எழுதியிருந்ததை வாசித்தேன். குளிர் தேசத்துப் புல்வெளியில், பனி விழுவதற்கு முன் முளைப்பதாம். கொஸ்லந்தவில் எங்கே ஐயா பனி விழுகிறது?

சுளகில் சமைக்காத காளான் இரண்டு மிச்சமிருந்தது. குடையைத் திருப்பினேன். அடியில் மடிப்பு மடிப்பாக, லேசான பச்சை. அவர் புத்தகத்தில் குடையின் அடிப்பக்கமே இல்லை. கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாம் முகத்தை மட்டும் எடுத்த போட்டோ.

இது விஷமா என்று மகள் கேட்டாள்.

தெரியாது, தெரியாததால்தான் கொட்டச் சொல்கிறேன் என்றேன். அந்தோனி விடவில்லை. அவ்வளவு பெரிய புத்தகம் பொய் சொல்லுமா என்று கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். புஷ்பம் என்னையும் அந்தோனியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி அந்தோனியின் முன்னால் வைத்தாள்.

"தலைவரே, புஸ்தகம் ஒங்களோடது. மொத வாய் நீங்க வையுங்க. எம்புள்ள பொறகு தின்னட்டும்."

அந்தோனி கிண்ணத்தைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து வயிறு ஒரு மாதிரியா இருக்கு, புஷ்பம்."

அவ்வளவுதான். புஷ்பம் லயத்துக்குப் பின்னால் குழி தோண்டி, சட்டியோடு கவிழ்த்து, நாய் கிளறாமல் கல்லும் வைத்தாள். மகள் கருவாட்டுச் சம்பலோடு சாப்பிட்டாள்.

என்னைக் கேட்டால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வெட்கப்படாத புத்தகமே நல்ல புத்தகம். அதுவும் இந்த மண்ணைப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும். கையில் அது இருந்தாலும் சந்தேகம் வந்தால் காளானுக்குக் குழிதான்.

மடுவத்துப் படத்தை அன்றைக்கே கழற்ற வைத்தேன். லேமினேட் செய்தது வீணாகக்கூடாதென்று அந்தோனி அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். பார்வையாகத்தான் இருக்கிறது — அங்கே அது யாரையும் கொல்லாது.