இறுக்கிப் பிடித்த கோட்டு

கல்லூரி என்.சி.சி.யில் துப்பாக்கி சுடப் பழகியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. சேலத்து ரைபிள் கிளப்பில் ஏர் ரைபிளை இரவல் தருவார்கள். ஆனால் சுடும்போது போடுகிற கனத்த கோட்டு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அந்த விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே சீட்டு தைப்பவரே கித்தானில் ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். "நல்லா இறுக்கமா இருக்கட்டுங்க" என்று சொன்னது நான்தான். இறுக்கமாக இருந்தால் உடம்பு ஆடாது என்பது என் எண்ணம்.

அதைப் போட்டு ஒரு போட்டிக்குப் போவதற்குள் மகள் வயிற்றில் வந்துவிட்டாள். மாவட்டப் போட்டி வந்தபோது அவள் கைக்குழந்தை. இதில் தேறினால் மாநிலப் போட்டி. தேறாவிட்டால், குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி இதற்கெல்லாம் நேரம் வாய்க்குமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை.

உடைச் சோதனையில் நடுவர் என் கோட்டின் பட்டனைப் பார்த்தார். "மூச்ச விடுங்கம்மா."

விட்டேன். பட்டன் தெறித்து அவர் மேசையில் விழுந்தது.

"ஒரு பக்கம் இன்னொண்ணு மேல நல்லா ஏறி நிக்கணும்மா. இல்லாட்டி கோட்டே உங்களத் தாங்கிப் புடிக்கும். ரூல் ஒத்துக்காது."

பிள்ளை பெற்ற உடம்பு பெருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கோட்டில்லாமல் சுடலாமென்றால், நைலக்ஸ் சேலையில் தோளில் பதிக்கும் ரைபிள் கட்டை வழுக்கும். பக்கத்தில் குழந்தையோடு நின்ற வீட்டுக்காரர், அவளை என்னிடம் நீட்டிவிட்டுச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இத்தன பேரு முன்னாடி!"

"ஊட்ல பனியனோடதான கண்ணு இருக்கறேன்? போட்டுக்க, லூசாத்தான் இருக்கும்."

நடுவர் சட்டையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அத்தோடு பேசாமல் போயிருக்கலாம். ஆனால் வலது தோளில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. பஸ்ஸில் குழந்தை கக்கிய பால். கட்டை நழுவாமலிருக்கத் தோளில் ஒட்டும் பொருள் எதையும் தடவக்கூடாது என்று விதியில் படித்திருந்தேன். சொல்லாமல் சுட்டு, பிறகு தெரிந்தால்?

"சார், இங்க ஒட்டுதுங்க."

"மானத்த வாங்காத, போய் நில்லு" என்று முணுமுணுத்தார் வீட்டுக்காரர்.

நடுவர் விரலால் தொட்டார், முகர்ந்தார். "இது பாப்பா வேலையாம்மா? ரூலு எழுதுனவருக்குப் பிள்ளைகுட்டி இல்ல போல. தொடைச்சுட்டு வாங்க."

ஈரத்துண்டால் துடைத்துவிட்டுப் போய் நின்றேன். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் முதல் குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயிற்று. பிறகு இடுப்பும் முழங்காலும் தங்கள் வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டன. கடைசி ஆளாகத் தேறினேன். சந்தோஷப்படுவதற்கு முன்பே நடுவரிடம் ஓடினேன்.

"மாநிலப் போட்டிக்கு இதே சட்டையப் போட்டா ஒத்துக்குவாங்களா சார்?"

"தோச்சுப் போட்டுட்டு வாங்கம்மா" என்றார்.