என் காதை மட்டும் காப்பாற்றிக்கொண்ட மதியம்

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். யாராவது போனை எடுத்தால் என் பலகையில் விளக்கு எரியும். யார் வேண்டும் என்று கேட்டு, ஒயரைச் சொருகிப் பேச வைக்க வேண்டும். மின்னல் கம்பி வழியாகக் காதில் பாய்ந்துவிடும் என்பதால், இடி இடித்தால் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும், புது இணைப்பும் தரக் கூடாது என்பது விதி.

ஐப்பசி மாதம். மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி இடித்ததும் ஹெட்போனைக் கழற்றப் போனேன். அப்போது பார்த்து மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு விளக்கு எரிந்தது. பேசியவர் அங்கே மீனுக்கு ஐஸ் போடும் கொட்டகையில் வேலை பார்ப்பவர். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மகளுக்குத் திடீரென்று வயிற்றில் ஆபரேஷன் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது.

"இடி இடிக்குதுங்க, கொஞ்சம் பொறுத்துப் பேசுங்க" என்றேன்.

"மழைல பஸ்ஸும் வர்லம்மா. பொண்ணு உசுரோட கீறாளான்னு கேட்டுக்கினு வெச்சிடறேன்."

மனசு கேட்கவில்லை, இணைத்துவிட்டேன். இணைத்த கையோடு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன் பாருங்கள், அந்தப் புத்தியை என்ன சொல்ல! என் காதுக்கு ஆபத்து என்றால் அந்த மனிதர் காதுக்கு மட்டும் ஆபத்து இல்லையா? அது எனக்குத் தோன்றவே இல்லை.

பளீரென்று ஒரு மின்னல், கூடவே இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரிசீவரை வைத்தால் எரிய வேண்டிய விளக்கு அவர் பக்கம் எரியவில்லை. பயந்துகொண்டே ஹெட்போனை மாட்டினேன். ஆஸ்பத்திரிக்காரர் மட்டும் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். "நான் பதில் சொல்றதுக்குள்ள டமால்னு ஒரு சத்தம்மா. அப்புறம் பேச்சே இல்ல" என்றார். குப்பத்துக்கு மணி அடித்துப் பார்த்தேன். லைன் செத்துக் கிடந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேனோ என்றே மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகக் குப்பத்துக்கு ஓடினேன். கொட்டகையில் போன் இருந்த சுவர் கரியாகக் கிடந்தது. மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அவர் என்ன ஆனார் என்று கேட்டேன்.

"காதுல ரத்தம் வந்துகினே இருந்திச்சு. அதோடவே மீன் லாரில ஏறி பொண்ணப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் பூட்டாரு" என்றாள்.

அப்பாடா, உயிரோடு இருக்கிறார். அடுத்த பஸ்ஸில் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் கட்டிலில் கண் விழித்துப் படுத்திருந்தாள். காதில் பஞ்சோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொல்லி, தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்று அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "நைனாவுக்கு அந்தக் காது கேக்கலக்கா. இந்தாண்ட வந்து சொல்லு."

கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நீ இன்னாம்மா பண்ணுவ, நான்தான கெஞ்சினேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு இடி கேட்டால், பேசிக்கொண்டிருக்கும் இருவரையும் போனை வைக்கச் சொல்லாமல் நான் ஹெட்போனைக் கழற்றியதில்லை. இரக்கப்பட்டுத்தானே செய்தேன் என்று அந்த நாளுக்கு என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடிந்ததில்லை.